மூன்றாம் சொல்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பதற்காக மட்டும் அல்ல. ஒருமுறை நான் ஒரு பொருளைத் தப்பாகச் சொன்னதில் என் நாத்தனார் துளசிமணி கிணற்றில் விழுந்துவிட்டாள். அது விளையாட்டுக்குள் இருந்த கிணறு, அவளும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டாள், ஆனாலும் அன்று முதல் எதைச் சொல்வதானாலும் முன்னும் பின்னும் ஒருமுறை தடவிப் பார்க்காமல் எனக்கு வாய் வருவதில்லை. இதையும் அப்படித் தடவித் தடவித்தான் எழுதுகிறேன்.

கோயமுத்தூரில், மூடிப்போன ஒரு பஞ்சாலையின் பின்பக்கம், நாற்பத்திரண்டு லைன் வீடுகளில் பதினேழாவது எங்களுடையது. என் வீட்டுக்காரர் கிட்டுசாமி லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒருமுறை வந்து குளித்துவிட்டுப் போவார். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வெளியூர் போய்விட்டன. மீதி இருப்பது நானும் அவர் தங்கை துளசிமணியும்தான். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என் கல்யாணத்தன்று என் உள்ளங்கையை விரித்து முகர்ந்துவிட்டு, "மருதாணி நல்லாச் செவந்திருக்குதுங்களா, நங்கை?" என்று கேட்டாள். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வருசமாக அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டினாள்.

ஆலைக் கேட்டுக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் விளையாட்டு செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. தலையில் ஒரு கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டால் நாலு பக்கமும் மேலும் கீழும் ஒரு கோட்டை எழுந்து நிற்கும், ஒரு ராணி காணாமல்போன தன் தங்கையைத் தேடி அதற்குள் போவாள், அந்த ராணி நாம்தான். கண் தெரிந்தவர்கள் மாட்டிக்கொண்டு அலறினார்கள். கண் தெரியாதவர்களும் அதை ஆட வேண்டும் என்று அங்கே நிவேதிதா என்று ஒரு பெண் ஒற்றைக்காலில் நின்றாள். பார்வையற்றோர் சங்கத்திலிருந்து ஆறு பேரைச் சோதித்துச் சொல்ல அனுப்பினார்கள். அதில் ஒருத்தி துளசிமணி. கூட்டிக்கொண்டு போனவள் நான்.

அந்த விளையாட்டில் அப்போது கம்ப்யூட்டரே பேசிக்கொண்டிருந்தது. தடை, தடை, என்றது. துளசிமணி காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு நிவேதிதாவிடம் கேட்டாள்.

"ஏனுங் அம்மிணி, யாருங் இந்தப் பொம்பளை? ரயில் லேட்டுன்னு சொல்றவ மாதிரியே சொல்றா. இவளை நம்பி எப்புடிங் காலை எடுத்து வெக்கறது?"

மூலையில் உட்கார்ந்திருந்த நான் திரையைப் பார்த்தபடி, என்னை அறியாமல், "படி இருக்குதுடி, பாத்து. மூணு படி. கடைசிப் படி கொஞ்சம் ஒடஞ்சிருக்குது," என்றேன். ஆறு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். இந்தக் குரல்தான் வேண்டும் என்றார்கள். இப்படித்தான் வாழ்க்கையில் எதற்கும் உதவாது என்று நான் நினைத்திருந்த என் நச்சரிப்புக் குரல், அந்தக் கோட்டையின் ஒவ்வொரு கல்லுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று சொல். முதல் சொல், அது என்ன என்பது. அங்கேயே கொஞ்சம் நின்றால் இரண்டாம் சொல், அது எப்படி இருக்கிறது என்பது. இன்னும் நின்றால் மூன்றாம் சொல், அங்கே என்ன நடந்தது என்பது. கண் தெரிந்தவன் சுவரில் ரத்தக்கறையைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்வான், தெரியாதவர்களுக்கு அதை யார் சொல்வது என்று நிவேதிதா கேட்டாள். சுவர். பாசி பிடித்த கல் சுவர். இங்கே ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதிருக்கிறாள். இப்படி ஆயிரத்து நூறு பொருளுக்கு நான் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னால் காது நிறைந்துவிடும் என்பதால், தேவையில்லாத பொருளை ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் வழி இருந்தது. அதைப் பார்த்து "அலங்காரம்" என்று சொல்லிவிட்டால் போதும், அதன்பிறகு அந்தப் பொருள் கண் தெரியாதவர்களுக்கு இருக்கவே இருக்காது. நந்தவனத்துக் கிணற்றை நான் வெறும் அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அப்படிச் சொல்லிவிட்டேன். அதில்தான் துளசிமணி விழுந்தாள். எழுந்து, "நங்கை, கெணத்தைப் போயி அலங்காரம்னுட்டீங்களே, தண்ணி மோந்து குடிச்சவங்கதானே நீங்க?" என்று சிரித்தாள். ஆறு பேரும் சிரித்தார்கள்.

நான் அதைத் திருத்திச் சொன்னேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த அறையின் நடுவில், பெட்டியை மாட்டிக்கொண்டு, என் குரலைக் கேட்டுக்கொண்டே துளசிமணி கோட்டையின் நீளமான மதிலின் மேல் ஓடினாள். நின்ற இடத்தில்தான் கால்கள் ஓடின. ஆனால் முப்பத்தொன்பது வயது வரைக்கும் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. சேலை அவிழ அவிழ ஓடினாள். நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை.

மூன்று மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். கண் தெரியாதவர்கள் எத்தனை பேர் வாங்கப்போகிறார்கள் என்று மேலிடத்தில் கேட்டார்களாம். கம்ப்யூட்டர்களை வண்டியில் ஏற்றினார்கள், நிவேதிதா துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் பெங்களூர் போனாள், மாடிக்குப் பூட்டு விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில், வரிசையில் முதலில் நின்ற ராசாமணி அக்கா குடத்தை வைக்கக் குனிந்தபோது, குழாய் என் குரலில், "குழாய்," என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "பித்தளைக் குழாய், திருகு தேய்ந்தது," என்றது. குடம் பாதி நிறைந்தபோது, "ராசாமணி முதலில் வைத்த குடம் இரவே கொண்டுவந்து வைத்தது, வரிசைக்கு முந்தியது," என்றது.

"ஏன் மயிலா, இதையெல்லாம் நீ வாயில சொல்லிருக்கலாம்ல?" என்றாள் ராசாமணி அக்கா. நான் அவளுக்குப் பின்னால் பத்தாவது ஆளாக வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தேன்.

அன்று மதியத்துக்குள் லைன் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. கரண்டுக் கம்பம், சாக்கடை, துணி துவைக்கிற கல், கழிப்பறைக் கதவு, பிள்ளையார் கோயில் மணி, எல்லாவற்றுக்கும் என் குரல். இது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆலை மூடிய வருசம் ஏன் என்று கேட்டு ஓய்ந்த ஊர் இது, அதற்கப்புறம் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. பால்காரர் இரண்டு நாள் தயங்கினார், மூன்றாம் நாள் "படி, படி" என்று வாசற்படிகளோடு சேர்ந்து தானும் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்பத்தைத் திட்டி அது பதில் சொல்கிறதா என்று பார்த்தார்கள். சொல்லவில்லை, அது தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்லும். வேப்பமரம், "ஆலை மூடிய அன்று இங்கே நாற்பது பேர் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்கள்," என்றபோது வயசானவர்கள் போய் நின்று கேட்டுவிட்டு வந்தார்கள்.

துளசிமணி மூன்றாம் நாள் என் முழங்கையை விட்டாள். குச்சியைத் தட்டிக்கொண்டு, என் குரலுக்குள்ளேயே நடந்து, லைனைக் கடந்து, மளிகைக் கடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தாள். தேங்காயை என் கையில் வைத்தாள்.

ஆனால் மூன்றாம் சொல் இருந்ததே. ஒரு பொருளுக்குப் பக்கத்தில் ஐந்து மூச்சு நின்றால் மூன்றாம் சொல் வந்துவிடும். அதனால் எங்கள் ஊர் நிற்பதை விட்டது. தண்ணீர் வரிசையில் பெண்கள் நின்ற இடத்தில் நிற்காமல் குடத்தோடு சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பிள்ளையாரை நடந்துகொண்டே கும்பிட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி உட்கார்ந்தால் வீட்டுக்காரர்கள் அவரை எழுப்பி வேறு நாற்காலிக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, காப்பி ஆறுவதற்குள் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பேர் தெருவில் நின்று பேசி முடிக்கிற பேச்சு என்று ஒன்று எங்களிடம் இல்லாமல் போனது.

ஏழாம் எண் வீட்டுச் சுவர் மட்டும் கொஞ்சம் உரக்கப் பேசியது. அது லைன் நலச்சங்கத் தலைவர் குழந்தைவேலுவின் வீடு. சுவர். வெளிர் நீலச் சுண்ணாம்பு. இந்தச் சுவரில் தனபாக்கியத்தின் தலை மூன்று முறை மோதப்பட்டது. தனபாக்கியம் அவருடைய மனைவி. நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டோம். என் குரலில் கேட்டோம். கேட்டுவிட்டு என்ன செய்தோம் என்றால், ஏழாம் எண்ணைத் தாண்டும்போது எல்லாரும் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தோம்.

என் பயம் வேறு இடத்தில் இருந்தது. என் வாசற்படியில்.

பதினாறு வருசத்துக்கு முன்னால் அந்தப் படியில் ஒருவர் வந்து நின்றார். வேலப்பன் என்று பெயர், பார்வையற்றோர் பள்ளியில் துளசிமணியோடு படித்தவர், நாற்காலி பின்னக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் வேலை கிடைத்த கையோடு அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார், ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. அப்போது எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், நானும் அப்போது ஆலையில் வேலை பார்த்தேன், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். துளசிமணி இல்லாவிட்டால் தொட்டிலை ஆட்ட ஆள் கிடையாது. அவள் கொல்லையில் விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவரிடம், "அவ இங்க இல்லைங்க. பல்லடத்துல கட்டிக் குடுத்துட்டோம்," என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். சந்தோசம் என்று சொல்லச் சொன்னார். போய்விட்டார். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் படியில் இப்போது என் குரல் இருந்தது. துளசிமணி எங்கேயும் நின்று கேட்கிறவள், அவளுக்கு எல்லாமே புதிது, ஊரே ஓடும்போது அவள் ஒருத்திதான் நின்றாள். நான் வாசலுக்கும் அடுப்புக்கும் ஓடி ஓடி, "நிக்காதடி, வெயிலு," என்பேன், "நிக்காதடி, கொசு," என்பேன். ஒரு சாயங்காலம் நான் துணி எடுக்கப் போன நேரத்தில் அவள் படியில் நின்றுவிட்டாள். ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தேன்.

"நங்கை, படி என்னமோ சொல்ல வந்துச்சுங். இந்தப் படியில் ஒருவர் வந்து நின்றார்னுச்சு. அதுக்குள்ள இழுத்துட்டீங்."

"பால்காரனா இருக்கும்."

"பால்காரரை ஒருவர்னு சொல்வீங்ளா நீங்க?"

அவளுக்கு என் குரலை என்னைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் அவள் குளிக்கப் போனபோது நான் படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பெனியில் சொன்ன அதே நிதானத்தில், "அலங்காரம்," என்றேன். ஐந்து மூச்சு காத்திருந்தேன். பத்து மூச்சு. படி ஒன்றும் சொல்லவில்லை.

குளித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிய துளசிமணிக்கு அந்த இடத்தில் படியே இல்லை. இருபத்தாறு வருசமாகக் காலுக்குத் தெரிந்த படி. குச்சியால் தட்டினாள், குச்சி கல்லில் பட்டது, பட்டதை அவள் கை உணரவில்லை. அப்படியே தெருவில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போடும்போது அவள், "படி எங்கீங் போச்சு, நங்கை?" என்று மட்டும் கேட்டாள். நான் அவள் நெற்றியைத் துடைத்தேன்.

பேசாத படி ஒன்று லைனில் இருக்கிறது என்ற செய்தி அன்றே பரவிவிட்டது. குழந்தைவேலு சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். வேப்பமரத்தடியில் எல்லாரும் வட்டமாக நடந்துகொண்டே கூட்டம் நடந்தது.

"மயிலாத்தா, உன்ற குரலு, நீ சொன்னா அடங்குது. உன்ற படியை மட்டும் அடக்கிட்டு எங்க மானத்தை வாங்கறியா?"

"அதில்லீங்க தலைவரே. அடக்கினா துளசிமணிக்கு ஒண்ணுமே இருக்காதுங்க. அவ இப்பத்தானுங்க தனியா..."

"ஒருத்திக்காக நாப்பத்தொரு ஊடு அம்மணமா நிக்கோணுமா?" என்றார் ஒருவர்.

"இதுக்கு முந்தியும் அவ இருந்தாள்ல? நீ கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனீல்ல?" என்றாள் ராசாமணி அக்கா. அவள் கெட்டவள் இல்லை. இரண்டு மாதமாக உட்காராததில் அவள் கால்கள் வீங்கியிருந்தன.

"நாளைக்குள்ள எல்லாத்தையும் அடக்கலீன்னா, லைன்ல எல்லாரும் வந்து உன்ற ஊட்டுல ஒவ்வொரு சாமானுக்கு முன்னாலயும் நின்னு கேப்போம்," என்றார் குழந்தைவேலு. படியைத்தான் நான் அடக்கியிருந்தேன். வேலப்பன் கை வைத்துச் சாய்ந்த நிலைக்கதவும், நான் கதவை மூடிய தாழ்ப்பாளும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தன.

மறுநாள் காலை முதலில் என் நிலைக்கதவையும் தாழ்ப்பாளையும் அலங்காரம் என்று சொன்னேன். பிறகு ஒன்றாம் எண்ணிலிருந்து நடந்தேன். கம்பம், அலங்காரம். சாக்கடை, அலங்காரம். துவைகல், அலங்காரம். மணி, அலங்காரம். ஒவ்வொன்றும் அடங்க அடங்க எனக்குப் பின்னால் ஜனங்கள் ஒவ்வொருவராக நிற்க ஆரம்பித்தார்கள், படிகளில் உட்கார்ந்தார்கள், காலை நீட்டினார்கள், யாரோ வெற்றிலை மடித்தார்கள். ஏழாம் எண்ணில் தனபாக்கியம் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, இதை மட்டும் உட்ருங்கக்கா," என்றாள் மெதுவாக. "எனக்காகப் பேசறது இது ஒண்ணுதானுங்க."

குழந்தைவேலு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் தோளுக்கு மேலே கைநீட்டிச் சுவரைத் தொட்டேன். சொன்னேன்.

வேப்பமரத்தைக் கடைசியாகச் சொன்னேன். அதை அடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, விட்டிருக்கலாம். வாய் பழகிவிட்டது.

அதன்பிறகு துளசிமணிக்கு லைன் என்று ஒன்றே இல்லாமல் போனது. முன்பெல்லாம் பேசாத ஊர் அவளுக்குத் தொடவாவது இருந்தது. இப்போது தொட்டாலும் இல்லை. வாசலுக்கு வெளியே காலை நீட்டி, ஒன்றும் இல்லாததற்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இழுத்துக்கொள்வாள். நான் முழங்கையைக் கொடுத்தாலும் வரமாட்டாள், கீழே எதுவும் இல்லாத இடத்தில் எப்படி நடப்பது என்பாள். வீட்டுக்குள் நான் சொல்லாமல் விட்ட சில சாமான்களும் நானும்தான் அவளுக்கு மிச்சம். அதனால் அவள் என்னிடமே வந்து நின்றாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நான் சமைக்கிற இடத்தில், துவைக்கிற இடத்தில், வெறுமனே நின்றாள்.

மூன்றாம் நாள் அடுப்படியில், என் வாய் மூடியிருக்கும்போதே, என் நெஞ்சிலிருந்து என் குரல் வந்தது. பெண், என்றது.

துளசிமணியின் முகம் மலர்ந்தது. நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். அன்றிலிருந்து நான் நிற்கவில்லை. ஊரே உட்கார்ந்திருக்க நான் ஒருத்தி நடந்தேன். நடந்துகொண்டே சாப்பிட்டேன். அவள் என் பின்னாலேயே, மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் இடித்து இடித்து வந்தாள்.

"நில்லுங் நங்கை. ஒரு நிமிசம் நில்லுங்."

"வேலை கெடக்குதுடி."

"நீங்க வாயில சொல்ல வேண்டாமுங். அதுவே சொல்லட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டுக்கறேன், அவ்ளோதான்."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். பெயரைச் சொன்னால் போதும், பட்டன் மாறிப் போட்டிருந்ததைச் சொன்னால் போதும். ஒன்பது நாள் நடந்த கால்கள் அடுப்பு மேடையில் சாய்ந்துவிட்டன. அவள் என் முந்தானையைப் பிடித்துவிட்டாள். பெண், என்றது நெஞ்சு. நாற்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, பயந்த கண்கள், என்றது. துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்தாள். இந்தப் பெண், என்று ஆரம்பித்தது.

நான் என் நெஞ்சில் கையை வைத்து, "அலங்காரம்," என்றேன்.

முந்தானை அவள் விரல்களிலிருந்து நழுவியது. அவள் நழுவவிட்டது போல இல்லை, பிடித்திருந்ததே இல்லாதது போல விரல்கள் விரிந்தன. "நங்கை?" என்றாள். "இங்கதான்டி இருக்கேன்," என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கையை நீட்டி, என் தோளைக் கடந்து, உப்புச் சாடியைத் தொட்டு, அங்கேயே நின்றாள்.

மற்றவர்களுக்கு நான் இருக்கிறேன். ராசாமணி அக்கா என்னோடு பேசுகிறாள். துளசிமணிக்கு மட்டும் இல்லை. தட்டில் சோறு வைக்கிறேன், அவள் சாப்பிடுகிறாள், அண்ணன் போனில் கேட்டால் நங்கை எங்கேயோ போய்விட்டார்கள் என்கிறாள். வழியிலிருக்கும் வாளியையும் முக்காலியையும் அவளுக்கு முன்னால் ஓடி ஓடி எடுத்து வைக்கிறேன்.

போன வாரம் வாசலில் ஒரு குரல் கேட்டது. நிவேதிதா. அந்த விளையாட்டை வேறொருவர் எடுத்துச் செய்யப்போகிறார்களாம், மயிலாக்காவின் குரல் திரும்பவும் வேண்டுமாம், துளசியக்காவும் வர வேண்டுமாம், அந்த மதில் அப்படியே இருக்கிறதாம். நான் கொல்லையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். துளசிமணி நிலையைத் தாண்டாமல், படி இருந்த இடத்துக்கு மேலே முகத்தைத் தூக்கிக்கொண்டு, "அவங்க இங்க இல்லைங்க," என்றாள்.

நிவேதிதா கொஞ்ச நேரம் நின்றாள். நான் முறத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் தெருமுனை தாண்டும் வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.